கால் கிலோ மீனும் கால் டன் தொட்டியும்

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை வண்ண மீன் கடைகளுக்குப் போனால் ஒரு வரிசை மாறாமல் நடப்பதைப் பார்க்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் கைகாட்டுவதற்கெல்லாம் விலை கேட்கிறார்கள். அப்புறம் தொட்டி, நீல விளக்கு, வாயைத் திறந்து குமிழி விடும் பிளாஸ்டிக் முதலை, கலர் கல். எல்லாம் பேசி முடித்து ஆட்டோவில் ஏற்றப்போகும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்.

"அண்ணே, வீட்ல டிவி ஸ்டாண்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அது மேல வெச்சிக்கலாமில்ல?"

"மூணடி டேங்க் சார் இது. தண்ணி ஊத்துனா நாலு ஆள் வெயிட்டு. உங்க டிவி ஸ்டாண்டுல நாலு பேரு ஏறி நிப்பீங்களா?"

கடைக்காரர் மிகைப்படுத்தவில்லை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது வீடுகளில் பரவலாக இருக்கும் அளவு. ஒரு கன அடியில் 28 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். இந்தத் தொட்டியின் கொள்ளளவு 6.75 கன அடி, அதாவது ஏறக்குறைய 190 லிட்டர். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினாலும் தண்ணீர் மட்டும் 170 கிலோ. எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ என்பதால் தொட்டியின் சொந்த எடை 33 கிலோவாகிறது. அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பினால் இன்னொரு 30 கிலோ. கல், மூடி, ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் 250 கிலோ, கால் டன். உள்ளே ஓடப்போகும் கப்பியையும் பார்பையும் மொத்தமாக அள்ளித் தராசில் போட்டாலும் கால் கிலோ தேறாது.

மீன் வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கால் கிலோவைப் பற்றியே பேசுகிறார்கள். தொட்டி வைத்த ஆறு மாதத்தில் கைவிட்டவர்களை விசாரித்தால் பிரச்சினை மீனில் தொடங்கியிருக்காது. ஒன்று, கீழே தாங்குவது சரியில்லை. இல்லையென்றால் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. யாரும் உட்கார்ந்து ரசிக்காத இந்த இரண்டும் சரியாக இருந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும். வாரக் கணக்கில் நேரம் கேட்கும் வேலையும் இந்த இரண்டும்தான்.

தளம் தாங்குமா?

மாடிவீட்டுக்காரர்களின் முதல் பயம் இது. நியாயமான பயமும்கூட. வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலை 875. நம் தொட்டி நிற்கும் இடம் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. அதில் 250 கிலோ. சதுர மீட்டருக்கு என்று கணக்குப் போட்டால் 600 கிலோவை நெருங்குகிறது. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த 200 கிலோ என்பது அறை முழுக்க, மூலை முடுக்கு விடாமல் ஏற்றினாலும் தாங்க வேண்டிய அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது இரண்டு டன்னுக்கு மேல் வரும். கான்கிரீட் தளம் ஓரிடத்துச் சுமையை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் மூன்றடித் தொட்டிக்குத் தளம் ஒன்றும் ஆகாது.

ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். அறையின் நடுவில் வைப்பதைவிடச் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. அந்தச் சுவருக்கு அடியில் பீம் ஓடினால் இன்னும் நல்லது. வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலை என்பார்கள். பீம் எங்கே ஓடுகிறது என்று வாஸ்து சொல்வதில்லை, கட்டிய மேஸ்திரிதான் சொல்வார். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியும் பரணும் கூடவே கூடாது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று ஆசைப்பட்டால் தண்ணீரே 450 லிட்டர், எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும். அப்படியென்றால் மேல்மாடியில் இருப்பவர்கள் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது, கீழ்வீட்டுக்காரரோடு உள்ள உறவுக்கும் நல்லது.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். இரண்டே வாரத்தில் கண்ணாடி பச்சையாகிவிடும். தண்ணீர் மாற்ற வாளி தூக்கி நடக்கும் தூரத்தையும் இப்போதே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை நிமிர்த்தி வை

இரும்பா மரமா? பட்டறையில் கொடுத்தால் ஒரு அங்குலச் சதுரப் பைப்பில் அரை நாளில் ஸ்டாண்டு பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கறுப்பு பெயின்ட் ஒரு கோட்டு, காலுக்கு ரப்பர் புஷ், முடிந்தது வேலை. பெரும்பாலான வீடுகளில் அதுதான் இருக்கிறது. இரும்பு என்றாலே உறுதி என்று நாம் நினைத்துக்கொள்வதால் அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்க்கலாம். முன்சட்டமும் பின்சட்டமும் ஆளுக்கு 125 கிலோ தாங்க வேண்டும். மூன்றடி நீளம், நடுவில் கால் இல்லை, 16 கேஜ் பைப். இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் தொய்கிறது. பைப் ஒடியாது. வெல்டிங் மூலையை இறுக்கிப் பிடிப்பதால் நிஜத்தில் தொய்வு கொஞ்சம் குறையும். ஆனால் கண்ணாடி வளையாத பொருள். சட்டம் நடுவில் இறங்கினால் தொட்டி இரு முனைகளில் மட்டும் உட்கார்ந்திருக்கும். அடிக்கண்ணாடியிலும் மூலை சிலிக்கானிலும் நாள் முழுக்க இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது நன்றாக இருந்த தொட்டி இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரியில் ஏன் கசிந்தது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இங்கே இருக்கிறது.

அதே பைப்புக்கு நடுவில் ஒரு கால் கொடுத்துவிட்டால்? தாங்கும் நீளம் பாதியாகிறது. அடிக்கு இத்தனை கிலோ என்ற சுமை மாறாதபோது, நீளம் பாதியானால் தொய்வு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. நாலு மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகிவிடும். பட்டறைக்காரரிடம் "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல கால் வெச்சிடுங்கண்ணே" என்று சொல்வதற்கு ஆகும் கூடுதல் செலவு அதிகபட்சம் ஐந்தடி பைப். அல்லது ஒன்றரை அங்குலப் பைப், 2 மில்லிமீட்டர் கனத்தில். நடுக்கால் இல்லாமலே தொய்வு ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும்.

சரி, மரம். வீட்டிலேயே செய்கிறவருக்கு நான் சொல்வது மரம்தான். வெல்டிங் ஒரு நாளில் கைவராது. ரம்பமும் டிரில்லும் யாருக்கும் கைவரும். இன்னொரு காரணமும் உண்டு. மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலச் சட்டத்தை நிமிர்த்தி வைத்தால், அதாவது மூன்று அங்குலப் பக்கம் உயரமாக இருக்கும்படி வைத்தால், அந்த ஒரு அங்குல இரும்புப் பைப்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பாக இருக்கும். தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே சட்டத்தைப் படுக்கவைத்தால் விறைப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மரம் அதேதான், செலவும் அதேதான், திருப்பி வைப்பதில்தான் வித்தியாசம். தாத்தா காலத்துக் கட்டிலின் பக்கச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்த ஆசாரியும் அதைப் படுக்கவைத்ததில்லை.

வேம்பு, வேங்கை, கோங்கு என்று மரவாடியில் கிடைக்கும் நன்றாகக் காய்ந்த மரம் எதுவும் போதும். தேக்கு ஆடம்பரம். முக்கியமான விஷயம் காய்ச்சல். பச்சை மரத்தில் செய்தால் ஸ்டாண்டு ஆறு மாதத்தில் தானாக முறுக்கிக்கொள்ளும். சட்டத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்து, வளைவு இல்லாததாகப் பொறுக்க வேண்டும். கடைப் பையன் முறைத்தாலும் பரவாயில்லை.

அடுத்து, எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பது. புதிதாகச் செய்கிறவர்கள் காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் கால் டன்னும் அந்த ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்குகிறது. ஸ்க்ரூவின் வேலை துண்டுகளை நகராமல் பிடித்து வைப்பது. எடையைச் சுமப்பது மரத்தின் வேலை. அதனால் ஒவ்வொரு காலையும் இரண்டு துண்டாகச் செய்ய வேண்டும். குட்டைத் துண்டு மேல்சட்டத்துக்கு நேர் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். நெட்டைத் துண்டு அதன் பக்கத்தில் ஒட்டி, சட்டத்தின் விலாவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஃபெவிகால் போட்டு, ஸ்க்ரூவால் இறுக்கிச் சேர்ந்தவை. மேல்சட்டம், குட்டைத் துண்டு, கீழ்ச்சட்டம், தரை. எடை இந்த வரிசையில் மரத்தின் மேல் மரமாக இறங்க வேண்டும். நடுவில் எங்கேயாவது எடை ஒரு ஸ்க்ரூவை நம்பி நிற்கிறதா என்று விரலால் கோடு வைத்துப் பார்த்துவிடலாம்.

கழுந்தும் துளையும் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவும் தேவையில்லை.

மேலும் கீழுமாக இரண்டு செவ்வகச் சட்டங்கள் செய்ததும், பசை காய்வதற்கு முன் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருந்தால் சட்டம் சதுரம் சரி. ஒன்று மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருந்தால், அந்த மூலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் வழிக்கு வந்துவிடும். மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பதைவிட இது சுலபம், துல்லியமும் அதிகம்.

கடைசியாக ஆட்டம். நேராகக் கீழே அழுத்தும் எடையை நாலு கால் எளிதாகத் தாங்கும். ஆபத்து பக்கவாட்டில்தான். குழந்தை ஓடிவந்து மோதுவது, சாய்ந்து நின்று பேசுவது. தண்ணீர் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் எடை முழுவதும் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும். ஸ்டாண்டின் முதுகில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை முழு அளவுக்கு அடித்துவிட்டால் நீளவாக்கு ஆட்டம் நின்றுவிடும். இரண்டு பக்கத்துக்கும் அதே மாதிரி அடித்தால் குறுக்காட்டமும் போகும். அலமாரி போல அழகாகவும் இருக்கும், உள்ளே ஃபில்டர், உணவு டப்பா, வலை எல்லாம் வைக்கலாம். முடித்ததும் இடுப்பால் ஓர் இடி இடித்துப் பாருங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் வேலை பாக்கி இருக்கிறது.

மேல்பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், மெரைன் தரம், பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் வேண்டாம். மீன்தொட்டி இருக்கும் இடத்தில் ஈரம் இருந்தே தீரும். விளிம்பில் சொட்டும் நாலு சொட்டுத் தண்ணீரைக் குடித்து அந்தப் பலகைகள் ரொட்டி போல உப்பிவிடும். இன்றைய டிவி ஸ்டாண்டுகள் பெரும்பாலும் அந்தப் பலகைதான். கடைக்காரர் சொன்ன எடைக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிளைவுட்டின் வெட்டு ஓரங்களுக்கு இரண்டு மடங்கு பெயின்ட் அடிப்பது நல்லது, தண்ணீர் நுழையும் வாசல் அந்த ஓரம்தான்.

உயரம் இரண்டரை அடி இருந்தால் சோபாவில் உட்கார்ந்தவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஒரு அடி அகலத் தொட்டியை மூன்றடி உயரத்தில் ஏற்றி வைப்பவர்கள் ஸ்டாண்டைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

தண்ணீரே மட்டம் பார்க்கும்

ஸ்டாண்டை இடத்தில் வைத்து, ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் குளியலறைப் பக்கத் தரைகளில் வாட்டம் இருக்கும், டைல்ஸ் இணைப்பில் மேடு இருக்கும். தேவையான இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வைத்துச் சரி செய்யலாம். ஆப்பு ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில்தான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் வர வேண்டியது அரை அங்குலத் தெர்மாகோல். பலகையில் தப்பிக் கிடக்கும் ஒரு மணல் துணுக்கு, ஒரு ஸ்க்ரூத் தலை, ஒரு பெயின்ட் திட்டு, இவற்றைத் தெர்மாகோல் விழுங்கிக்கொள்ளும். பலகையே வளைந்திருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு, கண்ணாடி அந்தரத்தில் நிற்பது போல வரும் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தெர்மாகோல் வைத்தால் அது நடுவில் மேல்நோக்கி முட்டும். முழுக்கண்ணாடித் தொட்டிக்குத்தான் இது.

இனி மூன்று விரற்கடை தண்ணீர் ஊற்றி, நாலு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ரசமட்டம் தப்பினாலும் தண்ணீர் தப்பாது. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் தண்ணீரை எடுத்துவிட்டு ஆப்பைத் திருத்த வேண்டும். பிறகு முழுக்க நிரப்பி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், அப்படியே விட வேண்டும். மூலைகளின் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறைந்து நிற்கும்போது முன்கண்ணாடியின் மேல் விழும் மொத்த அழுத்தம் சுமார் 90 கிலோ. இந்த எண் தண்ணீரின் உயரத்தையும் கண்ணாடியின் அகலத்தையும் பொறுத்தது. பின்னால் இருப்பது ஒன்றரை அடித் தண்ணீரா, செம்பரம்பாக்கம் ஏரியா என்பது கண்ணாடிக்குத் தெரியாது. உயரம் கூடக் கூடத்தான் கண்ணாடியின் கனம் கூட வேண்டும். தொட்டியை உயர்த்தாமல் நீட்டுவது எப்போதும் பாதுகாப்பு. மீனுக்கும் அதுதான் பிடிக்கும். அது பக்கவாட்டில் நீந்தும் பிராணி.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

மணலை அலசுவது அலுப்பான வேலை. வாளியில் பாதி மணல், மேலே தண்ணீர், கைவிட்டுக் கலக்கி வடிக்க வேண்டும். கலங்கல் நிற்கும் வரை இதுவே திரும்பத் திரும்ப. கடற்கரை மணலில் சிப்பித் துணுக்கு கலந்திருக்கும், அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. பெரிய கற்களை முதலில் அடிக்கண்ணாடியில் படுத்தி வைத்து, பிறகுதான் அவற்றைச் சுற்றி மணலைப் போட வேண்டும். மணலுக்கு மேல் கல்லை வைத்தால், அடியில் பறிக்கும் மீன் ஒரு நாள் அதை உருட்டிவிடும். தண்ணீரை மணலில் நேராகக் கொட்டாமல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றினால் குழி விழாது.

தண்ணீர் எது? குழாய் வழி வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்தால் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஹைப்போ என்று தரும் சோடியம் தயோசல்ஃபேட்டின் இரண்டு மூன்று படிகம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் கடினத்தன்மையும் உண்டு. கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகும், நியான் டெட்ராவுக்கு ஒத்துவராது. ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம் என்று அதை மட்டும் ஊற்றுபவர்கள் உண்டு. தாது உப்பு ஏதும் இல்லாத தண்ணீரில் மீனும் நிலைக்காது, செடியும் நிலைக்காது.

ஃபில்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. வீட்டில் எல்லாரும் மீன் எப்போது என்று கேட்கிறார்கள். இங்கேதான் பொறுமை கெடுகிறது.

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும் அளவுக்குச் சாது. இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் வந்து குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் இருபது மீனை விட்டால் இரண்டாம் வாரம் ஒவ்வொன்றாக மேலே மிதக்கும். கடைக்காரர் நோய் மீனை விற்றுவிட்டார் என்று திட்டுவோம்.

1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன், கொஞ்சம் நீர்ச்செடி, பிறகு நத்தை சேர்த்துத் தண்ணீர் கெடாமல் வைத்திருந்தார். செடி ஆக்சிஜன் தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது, எனவே சமநிலை என்பது அவர் விளக்கம். அந்த விளக்கத்தில் பாக்டீரியா இல்லை. அமோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகளை செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது அதற்கு நாற்பது வருடம் கழித்து. சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது 1909-இல். வீட்டுத் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா இனம் என்று ஆய்வில் தெரிந்ததோ 1998-இல்தான். நூற்றைம்பது வருடம் மீன் வளர்த்தவர்கள் யார் வேலை செய்கிறார்கள் என்றே தெரியாமல் வளர்த்திருக்கிறார்கள்.

தொடங்க எளிய வழி, ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் பஞ்சில் பாதியைக் கேட்டு வாங்குவது. தராவிட்டால், அவர் பஞ்சைப் பிழியும்போது வரும் அந்தக் காப்பிக் கலர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து நம் ஃபில்டர் மேல் ஊற்றலாம். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. நண்பரின் மீன்கள் நோயில்லாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லையென்றால், மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விட வேண்டும். முதல் வாரத்தில் தண்ணீர் பால் போல வெளுக்கும். பயந்து மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். பாக்டீரியா பெருகும் அறிகுறி அது, தானாகத் தெளியும்.

தெளிந்துவிட்டதாலேயே தயார் என்று அர்த்தமில்லை. சொட்டு மருந்து போல வரும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால், அமோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நைட்ரேட் ஏறினால் தொட்டி தயார். போர் தண்ணீர் வீடுகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தண்ணீரின் பி.ஹெச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அதே அளவு அமோனியாவின் நச்சுத்தன்மை கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது.

கடைசியில் மீன்

இப்போது கொளத்தூருக்குத் திரும்பலாம். அங்கேயும் வில்லிவாக்கம், செங்குன்றம் பக்கமும் சிமென்ட் தொட்டிகளில் வளர்ந்த கப்பி, மோலி, ஃபைட்டர் நம் ஊர் வெப்பத்துக்குப் பழகியவை. முதலில் ஐந்தாறு போதும், இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். தங்க மீன் குளிர் நீர் மீன். கோடையில் 30 டிகிரி தாண்டும் நம் தொட்டிகளில் அது சிரமப்படும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஆஸ்கார் ஒரு அடி வளரும், அரவணா இரண்டடியைத் தாண்டும். விரல் நீளத்தில் பார்த்து ஏமாந்து வாங்கினால் மூன்றடித் தொட்டியில் அவற்றுக்குத் திரும்பக்கூட இடம் இருக்காது. ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். கீழே மணலைக் கிளறிக்கொண்டிருக்க நம் ஊர் அயிரை கிடைத்தால் விட்டுப் பாருங்கள். குழம்பில் மட்டுமே அதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

டேங்க் கிளீனர் என்று சொல்லித் தரும் சக்கர் மீனை மட்டும் வாங்காதீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகம் கழிக்கும். வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென்னமெரிக்க மீன் இது, இன்று சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் வலை போட்டால் நாட்டு மீனுக்குப் பதில் இதுதான் வருகிறது என்று மீனவர்கள் புலம்பும் நிலை. வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை வலையில் எடுத்து விட வேண்டும். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்; கீழே இருந்தால் கரண்ட் போகும் நேரத்தில் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப்புக்குள் போய்விடும். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வாரம் ஒரு முறை மூன்று வாளி எடுத்து மூன்று வாளி ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அலசு அலசினால் போதும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. வீடு மாற்றும்போது தொட்டியில் நாலு விரல் தண்ணீரை விட்டு அப்படியே தூக்கிவிடலாம் என்று பேக்கர்ஸ் ஆட்கள் சொல்வார்கள். விடாதீர்கள். நாலு விரல் என்றாலும் முப்பது கிலோவுக்கு மேல், அடியில் மணலும் இருக்கும். தூக்கும்போது அது ஒரு பக்கம் சாயும், மூலை சிலிக்கான் பிரியும். தண்ணீர், கல், மணல் மூன்றையும் எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியாகத்தான் தூக்க வேண்டும். மீன்கள் ஒரு மூடிய வாளியில், ஃபில்டர் பஞ்சு இன்னொரு வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே, இரண்டிலும் பேட்டரி ஏர் பம்ப். பஞ்சு காயாமல் போய்ச் சேர்ந்தால் புது வீட்டில் அன்றைக்கே தொட்டி ஓடும். காய்ந்துவிட்டால் மறுபடியும் ஆறு வாரம்.